நூறு பவுண்டு

ஜார்ஜியா முகாம், அமெரிக்கா, திங்கள் பிற்பகல்

ஆறு ஆண்டுகளாக என்னுடன் பேசாத நண்பனுக்கு,

மகிழ்ச்சியில் வேகவேகமாக எழுதுகிறேன். எழுத்தின் கோணலைப் பொறுத்துக்கொள். படை மருத்துவனான நான் இன்று காலை வீரர்களுடன் அணிநடை சென்றேன். விதியேடு நிறுக்கச் சொல்வது முதுகுப் பையை மட்டுமே; அது முப்பத்தைந்து பவுண்டைத் தாண்டக் கூடாது. நானோ ஆப்கானிஸ்தானில் நீ சுமந்தவாறே கவசம், தோட்டா, தண்ணீர் அனைத்தையும் சேர்த்து நூறு பவுண்டு சுமந்தேன்.

ஐந்தாம் மைலில் என் முழங்கால் மடங்கியது. சார்ஜென்ட் ரமோனா கீஸ் சிரித்தாள்: "என்ன டாக்டரய்யா, ரெண்டு மாத்திரையப் போட்டுட்டு நடங்க! எங்களுக்கு அதானே எழுதித் தருவீங்க?"

எங்களுடன் நடந்துவந்த கர்னலே என்னைத் தூக்கிவிட்டு ஆணையிட்டார்: "நாளையிலேருந்து பைய மட்டும் நிறுக்காதீங்கய்யா. ஆளையே சுமையோட தராசுல ஏத்துங்க!"

அன்று நான்கு முறை நீ முழங்கால் வலியென்று என்னிடம் வந்தாய். பையின் எடை விதிக்குள் இருந்ததால் நான்கு முறையும் 'பணிக்குத் தகுதியுடையவர்' என்றே எழுதினேன். அந்த நான்கு சான்றுகளும் பிழை என்றும், உன் முழங்கால்கள் பணியில்தான் சிதைந்தன என்றும் இன்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

சனிக்கிழமை அதை நேரில் கொண்டுவருகிறேன். உன் வீட்டுப் படிகளில் மெதுவாகத்தான் ஏறுவேன். நீயும் மெதுவாகவே வந்து கதவைத் திற.

இப்படிக்கு,
உன் படைப்பிரிவின் பழைய மருத்துவன்