மணி சொன்னபடி

நவம்பர் 17

கப்பல்காரர் கண்ணாயிரம் போன் செய்தார். பத்து மாதம் கழித்து.

"ஜெரோமு, ஆத்துல தண்ணி வந்துடுச்சிபா. கப்பல எடுக்கணும். அந்த இன்ஜினு உன் பேச்சத்தான் கேக்குது."

போன ஜனவரியில் இதே ஆள்தான் டூரிஸ்ட் எல்லாம் செல்போனில் படம் எடுக்க, பலகை போட்டு என்னை வயலூர்க் கரையில் இறக்கிவிட்டார். எண்ணெய்ச் சட்டையோடு சதுரங்கப்பட்டினம் வரை நடந்தேன்.

காரணம் அவர் அக்கா மகன் ஜெயக்குமார். கப்பலில் சுக்கான் பிடிப்பவன். வடிகட்டியில் மணல் அடைத்திருக்கிறது, கழுவ வேண்டும் என்றேன். "அடுத்த ட்ரிப்பு நிக்குது, எட்றா" என்றான். பாதி ஆற்றில் இன்ஜின் வெந்துபோனது. "மாமா, இவன் தூங்கிகினு இருந்தான்" என்றான். அவ்வளவுதான். காலனிப் பையன் சொல்லையும் அக்கா மகன் சொல்லையும் யார் எடை போடுவார்கள்?

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 19

என் அக்கா பிரிசில்லா: "டேய், வேலைக்குப் போறியா, பழி வாங்கப் போறியா?"

"ரெண்டுக்கும் ஒரே பஸ்ஸுதான்."

நவம்பர் 24

முதல் ட்ரிப். பக்கிங்காம் கால்வாயில் கிளம்பி, பாலாற்றில் ஏறி, தடுப்பணை வரை போய்த் திரும்புவது. மேலே ஸ்பீக்கரில் பல்லவர் கதை. அரசர் கப்பல் வந்த ஆறாம். வந்திருக்கும். அவர்களுக்குத் தண்ணீர் இருந்தது.

ஜெயக்குமார் எட்டிப் பார்த்தான். "இன்னா இன்ஜினியரு, இந்த வாட்டியாவது முழிச்சிகினு இருப்பியா?"

எண்ணெய் அளவைப் பார்த்தேன்.

டிசம்பர் 2

டீசலில் தண்ணீர்? ஒயரை வெட்டுவது? எல்லாம் மெக்கானிக் தலையில்தான் விழும். என் கை படாமல் அவன் விழ வேண்டும்.

டிசம்பர் 5

கிடைத்துவிட்டது. இத்தனை நாள் கண்ணெதிரே இருந்திருக்கிறது!

இது பழைய கப்பல். மேலே இருப்பவன் மணிக்கயிற்றை இழுப்பான். கீழே நான் லிவரைப் போடுவேன். ஒரு மணி நிறுத்து, இரண்டு மெதுவாக, மூன்று வேகம். ஆனால் வயலூர் வளைவில் அடித்தகட்டில் மணல் உரசுவது இன்ஜின் அறையில் மட்டும்தான் கேட்கும், அரிசி களைகிற மாதிரி. கேட்டதும் மணிக்குக் காத்திராமல் நானே குறைத்துவிடுவேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அப்படித்தான். ஜெயக்குமார் அதை ஒருநாளும் கவனித்ததில்லை.

இனி நான் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. மணி சொன்னபடி செய்தால் போதும்.

நாள்தான் பார்க்க வேண்டும்.

டிசம்பர் 8

டூரிஸ்டிடம் அவன்: "மணலு எங்க கீதுன்னு என் உள்ளங்காலுக்கே தெரியும் சார்." சொல்லு மச்சான், சொல்லு.

ஜனவரி 6

நாள் கிடைத்தது. தை பிறந்ததும் ஜெயக்குமாரைப் பார்க்கப் பெண்வீட்டார் வருகிறார்கள், திருப்போரூர்ப் பக்கம். மாப்பிள்ளை கப்பல் ஓட்டுவதை நேரில் காட்டப் போகிறாராம் கண்ணாயிரம்.

ஜனவரி 19

முடிந்தது.

மேலே சிரிப்பு, பட்டுப்புடவை, தாம்பாளத்தில் பழம். மணி மூன்று முறை அடித்தது. வேகம் கொடுத்தேன். வளைவு. காலடியில் அரிசி களைகிறது. கை தானாக லிவருக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டேன். வெறும் மணல், இடுப்பளவு தண்ணீர், யாருக்கும் ஒன்றும் ஆகாது. மணி அடிக்கவில்லை. அடிக்காமல் நான் ஏன் குறைக்கணும்? இந்தக் கையை எத்தனை நாள் அவனுக்கு இனாமாகக் கொடுத்தேன்!

கப்பல் மோதவில்லை. எருமை மாதிரி ஏறி உட்கார்ந்தது. பிறகுதான் மணி. ஒன்று, ஒன்று, ஒன்று. உடனே நிறுத்தினேன். ரொம்ப ஒழுங்காக.

கண்ணாயிரம் இறங்கி வந்தார். "தூங்கினியா?"

"இல்ல அண்ணாத்த. மணி அடிச்சா குறைப்பேன். அடிக்கல."

பின்னாலேயே ஜெயக்குமார். "மாமா, இந்த எடத்துல எப்பவும் அதுவா ஸ்லோ ஆவும் மாமா!"

"அதுவா?" என்றார் கண்ணாயிரம்.

படியில் நின்ற பெண்ணின் அப்பாவும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பலகை போட்டார்கள். அதே பலகை. பழத்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்வீட்டார் ஆற்றில் இறங்கி நடந்தார்கள். "கப்பல் ஓட்டுற மாப்ளையாம்" என்று ஒரு அம்மா சொன்னது எனக்கே கேட்டது.

ஜனவரி 21

சம்பந்தம் போச்சு. மத்தியானம் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

ஜனவரி 24

கண்ணாயிரம்: "உன்கிட்ட கப்பல் ஓட்டுற செராங் லைசென்ஸ் கீதுல்ல? நீ மேல போ. அவன் கீழ நிக்கட்டும். அக்கா புள்ள, வெளிய தள்ள முடியாதுபா."

நான் கேட்காமலே சுக்கான்! பிரிசில்லா அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "கீழ யாரு நிக்கிறாங்கன்னு சொன்ன?" என்றாள்.

ஜனவரி 26

மேலே நின்றேன். நல்ல காற்று. கூட்டம் நிறைய, குழந்தைகள் வேறு.

கிளம்பும்முன் ஜெயக்குமார் லிவர் பக்கத்தில் நின்று, முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "மணி சொன்னத மட்டும் செஞ்சா போதும் இல்ல?"

"போதும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

வளைவு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே இரண்டு மணி அடித்தேன். பிறகும் அடித்தேன். காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். காற்று, ஸ்பீக்கர், பல்லவர். மணல் சத்தம் மட்டும் மேலே கேட்கவே இல்லை.

எப்படியோ தாண்டினோம். நாளைக்கும் கீழே அவன்தான்.