சுண்டுவிரலுக்கு லீவு

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கே நானும் பூனையும் சுகம். நீ எப்படியிருக்கிறாய் என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிய வேண்டியிருக்கிறது. போனில் கேட்டால் சிரித்து மழுப்பிவிடுவாய், கூட வாசிக்கிற பியானோக்காரர் பக்கத்தில் இருக்கிறார் என்பாய். அதனால்தான் கடைசிக் கச்சேரிக்கு நீ தங்கப்போகும் ஓட்டலுக்கு இதை எழுதுகிறேன்.

சமையலறைக் குழாய் ஒழுகல் நின்றது. உன் படம் வந்த பத்திரிகையை மாடி வீட்டுக்காரர் வெட்டி வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் காட்டுகிறார்.

உன் மாணவி சிட்டு தினமும் சாயங்காலம் வந்து முன்னறையில் பயிற்சி செய்கிறாள். நேற்று மட்டும் வயலினை உறையை விட்டே எடுக்கவில்லை. இசைக் கல்லூரித் தேர்வுக்கு முன் ஒரு வாத்தியாரிடம் வாசித்துக் காட்டினாளாம். அவர் பாதியில் நிறுத்தி, "ஏம்மா, சுண்டுவிரலுக்கு மட்டும் லீவு விட்டுட்டியா?" என்றாராம். சொல்லும்போதே அழுதுவிட்டாள். "அக்கா வாசிக்கிற மாதிரிதானே மாமா வாசிச்சேன்? அவங்க போட்டுக் கொடுத்த விரல்தானே?" என்றாள்.

எனக்கு இசைத்தாள் படிக்கத் தெரியாது. ஆனால் இருபது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அழித்து எழுதின இடம் என் கண்ணுக்குத் தப்பாது. உன் அலமாரியைத் திறந்தேன், கோபித்துக்கொள்ளாதே. எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று நீ பென்சிலில் போடும் எண்கள் பக்கத்துக்குப் பக்கம் மாறியிருந்தன. நான்கை அழித்து மூன்று, நான்கை அழித்து மூன்று. நான்கு என்றால் சுண்டுவிரல் என்று சிட்டுதான் சொன்னாள். அந்தத் தாள்களையே அவளுக்கு நகல் எடுத்துக் கொடுத்திருக்கிறாய்.

அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீ டம்ளர் கைநழுவி உடைந்தபோது சோப்பு வழுக்கிவிட்டது என்றாய். இடது கையை வெந்நீரில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது குளிர் என்றாய். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன். ஊரார் பிழையெல்லாம் பிடிக்கிற எனக்கு, பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவளின் கை தெரியவில்லை. வெட்கமாக இருக்கிறது. அதைவிடப் பயமாக இருக்கிறது.

விரல் மரத்துப்போகிறதா? வலிக்கிறதா? எத்தனை மாதமாக? சனிக்கிழமைக் கச்சேரியில் அந்த வேகமான பகுதியை மூன்று விரலாலேயே சமாளித்துவிடுவாய், சபையும் கைதட்டும். அந்தச் சமாளிப்பில் மற்ற விரல்களும் போய்விட்டால்? இதற்கு மேல் யோசிக்க எனக்குத் தைரியம் இல்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நரம்பு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். வாசித்துவிட்டு வந்தாலும் சரி, வாசிக்காமல் வந்தாலும் சரி, ரயில் நிலையத்தில் நிற்பேன்.

உன் தாளில் அழித்த நான்குகளின் தடத்தைப் பார்த்து, சிட்டுவின் நகலில் மூன்றுகளை மறுபடி நான்காக்கிவிட்டோம். நான் வெள்ளை மை பூசி மறைத்தேன், அவள் மேலே எழுதினாள். "அக்கா திட்டுவாங்களா மாமா?" என்று பத்துத் தடவை கேட்டுவிட்டாள். உன் தாள்களில் நான் கைவைக்கவில்லை. அவை மூன்றாகவே இருக்கட்டும். நாலு விரலோ மூன்று விரலோ, நல்லபடியாக வீடு வந்து சேர். இனிமேல் டம்ளர் நழுவினால், சோப்பு என்று மட்டும் என்னிடம் சொல்லாதே.

வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
உன் வீட்டுக்காரன்