இறால் கோதும் கோயில் வாசலும்

அப்பா,

நேற்று அச்சாறு போடுவதற்காக வினாகிரிப் போத்தலைத் திறந்தேன். மூக்கில் ஏறிய அந்தப் புளிப்பு வாசத்தோடு நீங்களும் வந்துவிட்டீர்கள். வேலை முடிந்து இதே வாசத்தோடு ரொக்ஸ்பரோ வீட்டுக் கதவை நான் திறக்கும்போதெல்லாம், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இண்டைக்கும் அச்சாறுதானோ?" என்று கேட்பீர்களே, அந்தக் குரலோடு வந்தீர்கள். உரித்த வெங்காயம் அப்படியே கிடக்க, நான் கதிரையில் இருந்து அழுதேன். பழியைப் போட வெங்காயம் பக்கத்தில் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

என் வேலை உங்களுக்குத் தெரியாததல்ல. ஆய்வுகூடத்துக்கு, இறாலை உரித்து எறியும் ஓட்டை, அந்தக் கோதைப் பொடியாக்கிக் கொண்டுவருவார்கள். அதைப் பக்குவப்படுத்தி, வினாகிரியில் இருக்கும் அமிலத்திலேயே கரைத்து, மெல்லிய தாளாகக் காய வைப்போம். கிருமியை அண்டவிடாமல் புண்ணை மூடிக் காக்கும் ஒட்டு அது. பரம்பரைச் சைவக் குடும்பத்துப் பெட்டை இறால் கோதோடு மாரடிக்கிறாள் என்று உறவுக்காரர் சிரித்தபோது, "வேலை வேலைதான். வந்து முழுகிப்போட்டுச் சுவாமியறைக்குப் போறாள்தானே?" என்று அவர்களின் வாயை அடைத்தவர் நீங்கள். முழுகாமல் குசினிக்குள் கால் வைக்கவும் விட்டதில்லை, அது வேறு கதை.

நீங்கள் கடைசியாகக் கண்ட தேரை நினைத்தால் இப்போதும் உள்ளங்கால் கூசுகிறது. ஆடி வெயில். தெருத் தார் கொதித்தது. தொண்டர்கள் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனார்கள். நீங்களோ வடம் பிடித்தபடி தண்ணீர் படாத ஓரத்தில் வெறுங்காலோடு நடந்தீர்கள். மற்றவர்கள் சுடுகிறது என்று துள்ளினார்கள். உங்களுக்குச் சுடவில்லை. "முருகன் எனக்குச் சூடு தெரியாமல் வைச்சிருக்கிறான்" என்று பெருமையாகச் சொன்னீர்கள். முருகன் அல்ல அப்பா, நீரிழிவு. அடுத்த நாள் சப்பாத்துக்குள் ஈரமாக இருக்கிறது என்று கழற்றிப் பார்த்தால், உள்ளங்காலில் தோல் வழன்று கிடந்தது.

அதன் பிறகு வீட்டுக்குத் தாதி வரத் தொடங்கினாள். சிரித்த முகக்காரி. அவள் பிரெஞ்சில் படபடவென்று கதைப்பாள். நீங்கள் எல்லாவற்றுக்கும் "மெர்சி, மெர்சி" என்பீர்கள். முதலில் சாதாரணத் துணிக்கட்டு, பிறகு கடற்பாசியில் செய்த ஒட்டு. ஒன்றுக்கும் புண் அசையவில்லை. கிருமி ஏறி ஓரங்கள் கறுத்தன. இப்படியே போனால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்று தாதி என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள். அடுத்த முறை வரும்போது வேறு ஒட்டு கொண்டுவருவதாகவும் சொன்னாள். பெட்டியின் படத்தைக் கைபேசியில் காட்டினாள். வேறெங்கோ செய்தது. ஆனால் அதன் மூலப்பொருள் எனக்கு நன்றாகப் பழக்கமானதுதான்.

அன்றிரவே நான் இதைச் சொன்னதும், புரோசார்ட்டில் இருக்கும் அண்ணா தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "அவருக்கு ஏன் இதெல்லாம் சொல்லப்போறாய்? ஒட்டிப்போட்டுப் பேசாமல் இரு. கால்தான் முக்கியம்." அவர் சொன்னது பிழையில்லை. எனக்கும் உங்கள் கால்தான் முக்கியம். ஆனால் இந்த நாட்டுக்கு வந்து நீங்கள் முதலில் படித்த பிரெஞ்சுச் சொல் 'ஜெலட்டின்' என்பதை அண்ணா மறந்துவிட்டார். தெருமூலை டெப்பனேர் கடையில் ஒரு பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பித் திருப்பி, கண்ணாடியைத் தூக்கித் தூக்கி, மாட்டு எலும்பில் எடுக்கும் அந்தச் சாமானின் பெயர் இருக்கிறதா என்று தேடும் மனிதர் நீங்கள்.

அடுத்த முறை வந்த தாதி கையுறை போட்டுக்கொண்டு புது ஒட்டின் உறையைக் கிழித்தாள். நான் நினைத்தது போலவே கேட்டீர்கள்.

"இது என்னத்திலை செய்தது பிள்ளை?"

"இறால் கோதிலை அப்பா."

காலை உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். தாதி "சாவா, மெஸ்யூ?" என்று, எல்லாம் சரிதானா என்ற பார்வையோடு உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். வேண்டாம் என்று நீங்கள் சொல்லிவிட்டால், உங்கள் விரல்களை நானே வெட்டிய மாதிரி ஆகிவிடும்.

"இதுக்கெண்டோ இறாலைக் கொல்லுறது?"

"இல்லை. ஆக்கள் சாப்பிட்டிட்டு எறியிற கோது."

கொஞ்ச நேரம் சுவரில் இருந்த சுவாமிப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "பட்டு உடுக்கிறம். சங்கு ஊதுறம். அதுகளும் சீவனிலை வந்ததுதானே. சரி, போடச் சொல்லு." எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அது வந்து சேருமுன்னமே அடுத்ததைச் சொன்னீர்கள்: "ஆனா இது காலிலை இருக்குமட்டும் நான் கோயிலுக்குள்ளை போகமாட்டன்."

"ஏன்? சங்கு உள்ளுக்கைதானே இருக்கு?"

"சங்கு சுவாமிக்கு. இது எனக்கு."

இதற்கு மேல் உங்களோடு யார் கதைப்பது!

அதன் பிறகு வெள்ளிக்கிழமைகள் எனக்கு நரகம். நான் காரில் கூட்டிக்கொண்டு போவேன். எல்லோரும் காலணி கழற்றும் இடத்தில், மருத்துவச் சப்பாத்தோடு சுவரோரமாக நீங்கள் நிற்பீர்கள். உள்ளே மணி அடிக்கும்போது கைகள் தலைக்கு மேல் போகும். கதவு திறந்து மூடும் இடைவெளியில் எட்டி எட்டிப் பார்ப்பீர்கள். ஒருநாள் ஐயரே விபூதித் தட்டோடு வெளியே வந்துவிட்டார். "உள்ளுக்கை வாங்கோ, மருந்துக்குத் தோசமில்லை" என்றார். நீங்கள் சிரித்துக்கொண்டு, "ஓம் ஐயா, பேந்து வாறன்" என்றீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம். அதைவிட என் வாயின் மேல் கோபம். அண்ணா சொன்னபடி பேசாமல் இருந்திருந்தால் இந்த மனிதர் இப்போது மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பாரே என்று ஒவ்வொரு வெள்ளியும் என்னையே திட்டிக்கொண்டேன். பனி கொட்டத் தொடங்கிய பிறகும் நீங்கள் வெளியேதான் நின்றீர்கள்.

புண் மெல்ல மெல்ல ஆறியது. ஓரங்கள் சிவந்து, நடுவை நோக்கித் தோல் வளர்ந்தது. கார்த்திகை விளக்கீடு வருவதற்குக் கொஞ்சம் முன்பு, தாதி "செ ஃபினி!", முடிந்துவிட்டது என்று கைதட்டினாள். நீங்கள் அன்றே முழுகி, வேட்டி கட்டி, உள்ளே போனீர்கள். எவ்வளவு நேரம் விழுந்து கிடந்தீர்களோ, எழுப்பிவிட நான் வரவேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது, கார்க் கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி சொன்னீர்கள்: "நீ மறைச்சிருந்தா நான் எல்லா வெள்ளியும் உள்ளுக்கை போயிருப்பன். கால் புண்ணும் மாறியிருக்கும்."

"தெரியும் அப்பா. சொல்லாமல் விட்டிருக்கலாம்."

"விசரி. பேந்து எப்பவாவது எனக்குத் தெரியவந்திருந்தா, ஒரு வாய்ச் சோத்தையும் உன்ரை கையாலை நம்பிச் சாப்பிட்டிருக்க மாட்டன்."

அடுத்த தேரை நீங்கள் காணவில்லை. வைகாசியில் ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தவரின் இதயம் நின்றுவிட்டது. கடைசியாகச் சாப்பிட்டது நான் சமைத்த சோறு. அந்த நினைப்பு என்னை எவ்வளவு நாளாகத் தாங்கிக்கொண்டு இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

இப்போது ஆய்வுகூடத்தில் காளானைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இறால் கோதில் எடுக்கும் அதே பொருளைக் காளானிலிருந்தும் எடுக்கலாம். ஏன் இந்தக் கரைச்சல் என்று கேட்பவர்களுக்கு, இறால் ஒத்துக்கொள்ளாத நோயாளிகள் இருக்கிறார்கள் என்று சொல்கிறேன். அதுவும் உண்மைதான். ஆனால் நான் இதைத் தொடங்கியது, சுவரோரமாக நின்ற ஒரு மனிதருக்காக. தாள் வெடித்தது, நொறுங்கியது, கிருமியைக் கண்டு பேசாமல் இருந்தது. விட்டுவிடு என்றார்கள். உங்கள் பிடிவாதத்தில் பாதி எனக்கும் வந்திருக்கிறது போல, நான் விடவில்லை.

போன கிழமை முதல் தடவையாக ஒரு தாள் வெடிக்காமல் காய்ந்தது. கிருமி வளரும் தட்டில் அதில் ஒரு துண்டை வைத்தோம். அதைச் சுற்றிக் கிருமி வளரவில்லை. ஆளின் புண்ணில் போடுவதற்கு இன்னும் எத்தனையோ சோதனை கிடக்கிறது. ஆனாலும் எல்லோரும் கைகொடுத்தார்கள். எவ்வளவு தடிப்பு, எவ்வளவு பலம், எவ்வளவு நேரம் தாங்கும் என்றெல்லாம் கேட்டார்கள். நீங்கள் கேட்டிருக்கக்கூடியதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன் அப்பா. காளானில் செய்தது. இதோடு நீங்கள் உள்ளே போகலாம்.