தண்ணீர் ஒட்டாத பலகை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டிப் பயலும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். நான் நலம். அப்பாவும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் உன்னிடம் லேசான சுளுக்கு என்றாராமே, சுளுக்கு இல்லை கண்ணு, வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. காரணம் நான்தான்.

என் சக்கர நாற்காலி இறங்க வாசலில் அப்பா போட்ட மரச் சாய்வுப் பலகை மழையில் ஊறி உப்பிக்கொண்டே இருந்தது, தண்ணீர் ஒட்டாத பூச்சு ஏதாவது அடியுங்கள் என்று நான் நச்சரித்தேன். மரம் நன்றாகக் காயும்வரை பொறுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பூச்சை இரண்டு கை அடித்தார். கால் வைக்கிற இடம், மேல்பூச்சில் கொஞ்சம் மணல் கலந்தால் பிடிமானம் இருக்கும் என்றார், சொரசொரவென்று அசிங்கமாக இருக்கும், கண்ணாடி மாதிரி இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். முதல் தூறலில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதை ஜன்னலில் இருந்து பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன், கொடியில் கிடந்த துணியை அள்ளிக்கொண்டு ஓடி வந்தவர் என் கண் முன்னாலேயே வழுக்கி விழுந்தார். அப்போதும் துணியை நனையவிடவில்லை.

பக்கத்து வீட்டு பெயிண்டர் வந்து மணல் கலந்து இன்னொரு கை அடித்துக் கொடுத்தார். அப்பாவால் என் சக்கர வண்டியைத் தள்ள முடியாது, மருந்து வாங்கியாக வேண்டும், வேறு வழியில்லாமல் நானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு இறங்கினேன். தெருமுனை வரை சுவரோரமாகவே ஒட்டிப் போனேன். எப்போதும் என் தலைக்கு மேலே அப்பாவிடம் பேசும் மருந்துக்கடைப் பெண் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். மறுநாள் ரொட்டி வாங்கப் போனேன், அப்புறம் எதுவும் வாங்காமலே சும்மா போனேன். அவர் கை உடைந்து கிடக்கிறார், நான் தெருவில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போகிறேன், இது அடுக்குமா சொல். கட்டு இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் என்ன என்றுகூட ஒரு நொடி நினைத்துவிட்டேன், உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

போன வாரம் நான் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “நானும் வந்தா கூட்டமா போயிடுமா?” சிரித்துக்கொண்டுதான் கேட்டார். தள்ளுகிற வேலை இல்லாததால் பக்கத்தில் நடந்தார். இத்தனை வருஷம் என் முதுகுக்குப் பின்னாலேயே வந்த மனிதர் நடப்பதை அன்றுதான் பார்த்தேன். இடது காலை இழுத்து இழுத்து வைக்கிறார். வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டேன். “வண்டியப் புடிச்சிக்கிட்டு நடந்தா ஒண்ணும் தெரியாது” என்றார். திரும்பும்போது இடது கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். சக்கரத்தை நான் உருட்டினேன், அவர் நடைக்குத் தகுந்த மாதிரி மெதுவாக.

திங்கட்கிழமை மூட்டு டாக்டரிடம் போகிறோம், வரமாட்டேன் என்கிறார், விடமாட்டேன். நீ போன் செய்தால் கையை விட்டுவிட்டு முழங்காலைப் பற்றிக் கேள், நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள்.

உங்களையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா