இரவல் என்ஜினியர்

ஜூன் 8

அன்புள்ள உங்களுக்கு,

போனைப் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். உங்களிடம் நாலு வார்த்தை பேச முடிவதில்லை. அதனால்தான் கடிதம்.

எங்கள் பம்ப் கம்பெனி என்னை இந்தச் சின்னப் பட்டறைக்கு இரவல் கொடுத்தது நல்லதாய்ப் போயிற்று. இவர்கள் அனுப்பும் ரப்பர் வளையங்களில் தண்ணீர் கசிகிறது என்று அங்கே உட்கார்ந்து திட்டிக்கொண்டிருந்தோம். வந்து பார்த்தால் குறை எங்கள் வரைபடத்தில். பம்பில் வளையம் உட்காரும் பள்ளத்துக்கு ஆழம் போதாது. முதலாளியம்மாவிடம் சொன்னேன்.

"நாங்க சொன்னா உங்க ஆளுங்க கேக்கவா போறாங்க? நீ சொன்னா கேப்பாங்க" என்று சிரித்தார். என்னை வீட்டுப் பெண் மாதிரி நடத்துகிறார். ரப்பர் கலவை போடும் அறையின் சாவியைக்கூடக் கொடுத்துவிட்டார். இவர்கள் தொழில் ரகசியமே அந்தக் கலவைதான்.

கசங்கிய சட்டையோடு வகுப்புக்குப் போகாதீர்கள்.

உங்கள்,
இரவல் என்ஜினியர்

ஜூலை 2

என்ஜினியரம்மாவுக்கு,

சட்டை விஷயத்தைப் பாப்பா போட்டுக்கொடுத்தாளா? வீட்டில் எல்லாம் ஒழுங்காய் இருக்கிறது என்று எழுதினால் பொய். நேற்றும் குக்கர் அடிப்பிடித்தது. "அம்மா எப்போ வருவாங்க?" என்று கேட்காமல் பாப்பா தூங்குவதில்லை. நான் வாய்விட்டுக் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

ஒன்று சொல். போனில் உன் குரல் சரியில்லை. எதை மென்று முழுங்குகிறாய்?

உன்,
வாத்தியார்

ஜூலை 10

அன்புள்ள உங்களுக்கு,

பள்ளத்தை ஆழப்படுத்தியதும் கசிவு நின்றுவிட்டது. அதற்குப் பிறகுதான், போன மாதக் கடைசியில், எங்கள் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"கலவை விவரத்தைத் தெரிஞ்சுகிட்டு வந்துடுங்க. இனிமே நாமளே செஞ்சுக்கலாம். நீங்களும் உடனே வீட்டுக்கு வந்துடலாம். இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் அங்கதான்."

அந்தக் கலவை அறைக்குள் போய் நின்றேன். பாப்பாவின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது. ஆனால் இந்தப் பட்டறைக்கு எங்களை விட்டால் வேறு வியாபாரம் இல்லை. கதவைப் பூட்டிச் சாவியை முதலாளியம்மாவிடம் கொடுத்தேன்.

"ஏம்மா?" என்றார்.

"என் கையில இருக்க வேணாம்மா."

சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

உங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியாவது எழுதுங்கள்.

உங்கள்,
நான்தான்

ஜூலை 16

என் கண்ணுக்கு,

முதல் தடவை படித்தபோது கோபம் வந்தது. மறைக்கமாட்டேன். இரண்டாம் தடவை படிக்கும்போது, நீ கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தேன். "வந்துடு" என்றுதான் சொல்லியிருப்பேன். நல்லவேளை, கேட்கவில்லை.

நீ வர இன்னும் ஒரு வருஷம் ஆகும் என்று பாப்பாவிடம் சொன்னேன். அழுதாள். அழுது முடித்து, "அம்மா இருக்கற ஊர்ல ஸ்கூல் இருக்கா?" என்றாள். இத்தனை நாள் எனக்கு ஏன் தோன்றவில்லை? விசாரித்தேன். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார் வேண்டுமாம், வரச் சொல்லிவிட்டார்கள்.

பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார். சின்னதானாலும் பரவாயில்லை, சமையலறையில் ஜன்னல் இருக்கட்டும். சீக்கிரம் பார். பாப்பா பொம்மைகளையெல்லாம் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டாள். தாண்டித் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போகிறேன்.

உன்,
வாத்தியார்