அது பாராட்டு இல்லை, சித்தி

சித்தி,

இன்று நான் வேலை செய்யும் கடைக்குள் வந்த ஒரு பெண் நீங்கள் பூசும் அதே வாசனைச் சென்றைப் போட்டிருந்தார். வெண்டிக்காயை ஒவ்வொன்றாக முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவரிடமிருந்து, கருவாட்டு மணத்தையும் மீறி அது வந்து என் மூக்கில் ஏறியது. எனக்கு அழுகை வரவில்லை. தராசுக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டேன். அந்தச் சென்றை நீங்கள் கலியாண வீடுகளுக்குக்கூடப் போட்டதில்லை. என் பள்ளிக்கூடக் கூட்டங்களுக்கு மட்டும்தான் போட்டீர்கள்.

"என்ன பிள்ளை, நிண்டபடி நித்திரையோ?" என்று கடைக்கார அண்ணை கேட்டார். நான் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். வழக்கம்போல.

அம்மாவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்பா உணவகச் சமையலறையில் நிற்பார். எங்களுக்கு எத்தனையோ வருடம் முன்னால் இந்த நாட்டுக்கு வந்து, விடியற்காலையில் அலுவலகங்கள் துப்பரவு செய்து, கூட வேலை செய்த பெண்களிடம் மொழி பிடித்தவர் நீங்கள். அதனால் ஒபர்வில்லியே என்ற ஊரில் இருந்த என் பள்ளிக்கூடம் எப்போது பெற்றோரைக் கூப்பிட்டாலும் அம்மாவின் தங்கையான நீங்கள்தான் வந்தீர்கள். நல்ல கோட்டு, சென்ற், வாய் நிறையச் சிரிப்பு.

முதல் கூட்டம் நினைவிருக்கிறதா? புதிதாக வந்த பிள்ளைகளுக்கான மொழி வகுப்பில் ஒரு வருடம் இருந்துவிட்டு, இங்கே பிறந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் நான் போய் உட்கார்ந்த வருடம். மொழி வகுப்பில் எல்லோருடைய பிரெஞ்சும் உடைந்ததுதான். அங்கே நானும் ஏதோ இரண்டு சொல் சொன்னேன். இங்கே நான் வாயைத் திறந்தால் முப்பது தலை திரும்பியது. மூடிக்கொண்டேன். ஆசிரியை என் அறிக்கைத் தாளை உங்கள் முன் வைத்து, விரலால் தொட்டுக் காட்டி, நிதானமாகச் சொன்னார்:

"எழுத்தில் நல்ல முன்னேற்றம். ஆனால் வகுப்பில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை."

உங்கள் முகம் மலர்ந்ததே, சித்தி! "ஓம் மதாம்! ஒண்டும் பேசாது! வீட்டிலையும் அப்பிடித்தான்!" என்று உங்கள் பிரெஞ்சில் சத்தமாகச் சொன்னீர்கள். பக்கத்து மேசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இது ஒரு பிரச்சினை, மதாம்."

"பிரச்சினை இல்லை, மதாம். ஒரு பிரச்சினையும் இல்லை. நல்ல பிள்ளை."

ஆசிரியை என்னைப் பார்த்தார். "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்டார். நான் மூச்சை எடுப்பதற்குள் நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள்: "அவளும் அதைத்தான் நினைக்கிறாள்."

வெளியே வந்து என்னைப் பஸ்ஸில் ஏற்றி, தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலுக்குக் கூட்டி வந்தீர்கள். எனக்கு இரண்டு மட்டன் ரோல்ஸ், உங்களுக்குப் பிளேன்டீ. பரிசாம். என் வாழ்க்கையில் வந்த மிக மோசமான அறிக்கைக்கு ரோல்ஸ் வாங்கித் தந்த ஒரே ஆள் நீங்கள். அதோடு விட்டீர்களா? ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நிற்கும்போது, கைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து ஒரு அன்ரியிடம் நீட்டினீர்கள்.

"பாருங்கோ, எங்கடை பிள்ளை வாயே திறக்காதாம். மதாமே எழுதி விட்டிருக்கிறா."

"குடுத்து வைச்சனீங்கள். என்ரை ரெண்டும் வாய் மூடாதுகள். தமிழிலை ஒண்டு கேட்டா பிரெஞ்சிலை பத்துச் சொல்லுதுகள்."

"அது இஞ்சை பிறந்த கோளாறு," என்றீர்கள், பெரிய மருத்துவர் மாதிரி. அந்த அன்ரி என் கன்னத்தைக் கிள்ளினார். இப்போது அந்த வாயாடிகளில் ஒன்று பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறது. நான் வெண்டிக்காய் நிறுக்கிறேன்.

நான் சொல்லாமல் இருக்கவில்லை. உங்கள் குசினியில், நீங்கள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"சித்தி, அது பாராட்டு இல்லை."

"பின்னை என்ன? அடக்கமா இருக்கிறது குற்றமோ?"

"இஞ்சை குற்றம்தான். கதைச்சாத்தான் புள்ளி. கடைசிச் சோதினையிலையும் கதைக்கச் சொல்லுவினமாம்."

"சோதினை எண்டா எழுதுறது. ஆர் சோதினையிலை கதைக்கிறது? கதைச்சா வெளியிலை விட்டிடுவாங்கள். உனக்கு ஒண்டும் தெரியாது, நீ சும்மா இரு."

சும்மா இரு! பேசுவது எப்படி என்று கேட்க வந்தவளிடம் நீங்கள் சொன்ன கடைசி யோசனை அது. அதன் பிறகு ஒவ்வொரு கூட்டத்திலும் அதே வசனத்தை வேறு வேறு ஆசிரியர்கள் சொன்னார்கள். நீங்கள் அதே சிரிப்போடு நன்றி சொன்னீர்கள். எனக்கு அதே ரோல்ஸ் கிடைத்தது.

எரிச்சல் உங்கள் மேல் மட்டும் இல்லை. இந்த நாட்டின் பள்ளி விதிகளின் மேலும்தான். நான் எழுதிய கொப்பியைப் பார்த்தால் எனக்குப் பாடம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் பள்ளியை முடித்தேன் என்று சான்று வேண்டுமானால், பாக் என்ற இறுதித் தேர்வில் முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை உரக்க வாசித்து, அதை விளக்கிப் பேசி, கேள்விகளுக்கு அந்த நிமிடமே பதில் சொல்ல வேண்டும். இங்கே தொட்டிலில் பிரெஞ்சு கேட்டு வளர்ந்த பிள்ளைக்கும் அதுதான். பதின்மூன்று வயதில் விமானத்திலிருந்து இறங்கிய பிள்ளைக்கும் அதுதான். எல்லோருக்கும் சமமாம். ஒரு வருட மொழி வகுப்பு தந்துவிட்டோமே, பிறகென்ன என்று கேட்பது போல.

அந்தப் பேச்சுத் தேர்வு கடைசிக்கு முந்தைய வருடமே வந்துவிடும். அன்று என்ன நடந்தது என்று நீங்கள் முழுதாகக் கேட்கவே இல்லை. ஆயத்தம் செய்யத் தந்த நேரத்தில் நான் இரண்டு தாள் நிறைய எழுதினேன். நன்றாகவே எழுதினேன். உள்ளே போனதும் வாசித்தேன். எனக்கே கேட்காத குரல். தேர்வாளர் விளக்கச் சொன்னார். நான் தாள்களை அவர் பக்கம் நீட்டினேன். அவர் கெட்டவர் இல்லை. சிரித்து, தாளை மெதுவாக என் பக்கமே தள்ளி, "இல்லை, நீங்கள் சொல்ல வேண்டும்" என்றார். பிறகு காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். நேரம் முடிந்தது. இறுதி வருடத்துக்கு நான் திரும்பிப் போகவில்லை. அங்கே இன்னொரு பேச்சுத் தேர்வு இருக்கிறது. அது இன்னும் பெரியது.

அம்மா அழுதார். நீங்கள் என்ன சொன்னீர்கள் தெரியுமா? "என்னையும் உள்ளுக்கு விட்டிருந்தா நான் சொல்லியிருப்பன்." சொல்லியிருப்பீர்கள், எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் புத்தகத்தில் ஒரு எழுத்துக்கூட வாசிக்காமல், ஆண்பால் பெண்பால் எல்லாம் குழப்பி, கைகளை ஆட்டி, அந்த மனிதரைச் சிரிக்க வைத்து, புள்ளியும் வாங்கியிருப்பீர்கள். அதுதான் எனக்குத் தாங்க முடியாதது. அவ்வளவு பேசத் தெரிந்த நீங்கள், பேசாமல் இருப்பதுதான் எனக்கு அழகு என்று எப்படி முடிவு செய்தீர்கள்?

இதைக் கேட்க நான் நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் காய்ச்சல் என்று படுத்தீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள், திரும்பி வரவில்லை. ஒரு சண்டையைத் தொடங்கக்கூட விடாமல் போவது என்ன நியாயம்?

முந்தாநாள் ஒரு இடத்துக்குப் போனேன். இடையில் விட்டவர்களைத் திரும்பச் சேர்த்துப் பாக் வரைக்கும் கொண்டுபோகும் ஒரு சிறிய லிசே, மேல்நிலைப் பள்ளி. இடங்கள் குறைவு. நேர்முகத்தில் பிடித்தால்தான் எடுப்பார்கள். எடுக்காவிட்டால் எனக்குக் கடைதான். "நானும் வரட்டோ?" என்று அம்மா கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஒரு ஆணும் ஒரு பெண்ணும், இருவரும் ஆசிரியர்கள். என் பழைய அறிக்கைகள் மேசையில் விரிந்திருந்தன. ஆண் அவற்றைப் புரட்டி முடித்து, தன் சகாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"குழப்படி இல்லை, வராத நாள் இல்லை. அமைதியானவர். எங்களுக்கு இப்படியானவர்கள்தான் நல்லது."

அந்தப் பெண்ணும் சிரித்தார். எனக்கு இடம் கிடைக்கப்போகிறது என்று விளங்கியது. நான் செய்ய வேண்டியது தலை குனிந்து நன்றி சொல்வது மட்டும். ஆனால் அந்தச் சிரிப்பு உங்கள் சிரிப்பு, சித்தி. தொண்டைக்குள் இத்தனை வருடம் கிடந்தது மேலே வந்துவிட்டது.

"இல்லை, மெசியே," என்றேன். இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள். "அது நல்லது இல்லை. அதனால்தான் நான் தோற்றேன். அமைதியான பிள்ளை என்று எடுத்தால், பின் வரிசை வாங்கில் இருத்திவிடுவீர்கள். நானும் இருந்துவிடுவேன். பிறகு பேச்சுத் தேர்வில் திரும்பவும் தோற்பேன். என்னிடம் கேளுங்கள். நான் சொல்லும் வரைக்கும் காத்திருங்கள். எனக்காக வேறு யாரையும் சொல்ல விடாதீர்கள்."

இலக்கணத்தில் பிழைகள் விட்டேன், நீங்கள் விடுவதைப் போலவே. யாரும் திருத்தவில்லை. அந்த ஆண் முகம் சிவந்து எதையோ எழுதினார். எனக்கு இடம் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"திங்கட்கிழமை வாருங்கள்," என்றார் அந்தப் பெண். "முதல் மணி நேரம் என்னுடைய வகுப்பு. நீங்கள்தான் வாசிக்கிறீர்கள்."

திங்களை நினைத்தால் பயமாகத்தான் இருக்கிறது. வெட்கம் எங்கும் போய்விடவில்லை. இன்று கடையில்கூட அண்ணைக்குப் பதில் சொல்ல முடியாமல் ஒளித்தேன். ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன்: உங்கள் மேல் கோபம் வந்தால் எனக்குப் பேச வருகிறது. உங்களுக்காக வைத்திருந்த சண்டையில் ஒரு துண்டைத்தான் அந்த இரண்டு பேரிடமும் செலவழித்தேன். மீதி நிறைய இருக்கிறது, சித்தி. பாக் வரைக்கும் செலவழிக்கத் தாராளமாகக் காணும்.