வடிகால் வாயில் ஜல்லிச் சாக்கு

பாய்,

இன்று மதியம் பரணிலிருந்து உங்கள் சாக்குக் கடையின் சாக்குகளை இறக்கினேன். பழைய சணல் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. கடல் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது. எதிர் மனையில் அடுக்குமாடிக்காகப் பள்ளம் தோண்டி, எடுத்த மண்ணைத் தெருவோரமே மலையாகக் குவித்திருக்கிறார்கள். மூட ஒரு தார்ப்பாய்கூட இல்லை. என் வீடு தெருவைவிடப் பள்ளம் என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் அதே கட்டிலில், அதே பக்கவாதத்தோடு படுத்திருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, பாய்.

உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? தெருமுனை மனையில் முதன்முதலாகப் பள்ளம் தோண்டிய வருஷம் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்த கூத்து ஞாபகம் இருக்கிறதா? நம் உப்பளம் பகுதியில் மழை என்றால் வாசற்படியில் மணல் மூட்டை போடுவதுதானே நம் பழக்கம். அதே மூட்டைகளை வடிகால் வாய்மேலும் அடுக்கினோம், சேறு உள்ளே போய் அடைக்கக் கூடாது என்று. சேறு போகவில்லை. தண்ணீரும் போகவில்லை. அத்தனையும் திரும்பி என் வீட்டுக்குள் நுழைந்தது.

நான் போட்ட கூச்சலில் கடையைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தீர்கள். இவரைக் கட்டிலோடு தூக்கிச் செங்கல்மேல் வைத்தோம். பிறகு வெளியே போய் மணல் மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டு, கட்டடக்காரன் குவித்திருந்த ஜல்லியை உங்கள் சாக்குகளில் அள்ளி, வடிகால் வாயை மூடாமல் அதைச் சுற்றி வைத்தீர்கள். கேட்காமல் எடுக்கிறோமே என்று நான் தயங்கினேன்.

"அவன் சேறுதானே தங்கச்சி, அவன் ஜல்லியே தடுக்கட்டும்" என்றீர்கள்.

ஜல்லிச் சந்து வழியாகத் தண்ணீர் வடிந்தது, சேறு வெளியே நின்றது. நின்ற சேற்றை வழித்து எடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வழித்த பிறகு ஒவ்வொரு முறையும் குனிந்து வடிகால் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பீர்கள். தண்ணீர் உள்ளே ஓடினால் "இழுக்குது" என்பீர்கள். அந்தச் சொல்லைக் கேட்டால்தான் எனக்கு மூச்சு வரும். உங்களுக்குப் பயமே இல்லையா என்று ஒருமுறை கேட்டேன். கடையில் அவ்வளவு சாக்கு நனையக் கிடக்கும்போது பயமில்லாமல் எப்படி இருக்கும் என்று சிரித்தீர்கள்.

மூச்சுத் திணறலோடு உங்களைக் கோரிமேடு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது பார்க்க வந்தேன். என் புடவை நனைந்திருந்தது. நான் வந்ததும் வராததுமாக, "மழையா? கை வச்சுப் பாத்தியா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டீர்களா என்று சத்தம் போட்டேன். அதன்பிறகு நீங்கள் வீடு திரும்பவில்லை.

எதிர் மனை சூப்பர்வைசரிடம் மண்ணை மூடச் சொல்லி, சுற்றிலும் ஜல்லிச் சாக்கு அடுக்கச் சொல்லி மன்றாடினேன். நாளைக்குப் பார்க்கலாம் என்றான். மழை நாளை வரைக்கும் காத்திருக்குமா? சாயங்காலமே கொட்டிவிட்டது. அவன் ஜல்லியைத்தான் அள்ளினேன், உங்களைப் போலவே கேட்காமல். மூட்டைகளை இழுத்து வைப்பதற்குள் இடுப்பு விட்டுப்போனது. சிவப்புச் சேறு வந்து வந்து அப்பியது. தண்ணீர் வாசற்படிவரை ஏறிவிட்டது. இவரைத் தூக்க இன்றைக்கு யாரும் இல்லை.

"தண்ணி வருதா?" என்று உள்ளிருந்து இவர் குழறலாகக் கேட்டார். குனிந்து வடிகால் வாயில் கை வைத்தேன். ஒன்றுமே தெரியவில்லை. இரண்டு கையாலும் சேற்றை வழித்து வழித்துப் போட்டுவிட்டு மறுபடி வைத்தேன். விரல்களை ஏதோ மெல்லப் பிடித்து இழுத்தது.

"இழுக்குது" என்று கத்தினேன்.

உள்ளிருந்து இவர் கேட்டார், "பாய் வந்துட்டாரா?"

அது உங்கள் சொல்லாயிற்றே, பாய். தண்ணீர் படியைவிட்டு இறங்கிவிட்டது, மழை விடவில்லை. எழுதுகிற கையெல்லாம் சாக்கு வாசனை. இதோ, மறுபடி கை வைத்துப் பார்க்கப் போகிறேன்.